கொட்டாஞ்சேனையில் வேலையில்லாதவர் எவருமிலர்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், சுபவேளையில், வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி மண்டபத்தில் வைத்து, கொட்டாஞ்சேனையின் வறுமையை ஒழிப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குத்துவிளக்கை ஐந்து பிரமுகர்கள் ஏற்றினார்கள். ஐந்தாமவர் ஏற்றிக்கொண்டிருக்கையில் முதலாமவருடைய திரி மின்விசிறிக் காற்றில் அணைந்துபோனது. கூட்டக் குறிப்பில் அது சேர்க்கப்படவில்லை. பிறகு வடையும் கோப்பியும் வந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. வறுமையை ஒழிக்கும் நேரத்தில் வறியவர்கள் காலுக்குள்ளும் கைக்குள்ளும் நிற்கக்கூடாதல்லவா?

ஒழிக்க முன்வந்த அமைப்புக்கு மாநகரத் தமிழர் வறுமை ஒழிப்பு ஆய்வு ஒன்றியம் என்று பெயர். தலைவர் கதிர்காமநாதன். ஏதோவொரு திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற செய்தியை அவரிடம் பக்குவமாக எடுத்துச்சொல்ல இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சபாரிச் சூட்டின் பையில் வரிசையாகப் பேனாக்கள். கோப்பு ஒன்று மேசைவிட்டு மேசை நகரும் வேகத்தில் நடப்பார். "முதல்ல புள்ளிவிபரம், பிறகுதான் சோறு" என்பது அவருடைய கொள்கை. அதை அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம். வீடுவீடாகப் போய் யாருக்கு வேலையில்லை என்று விசாரிப்பது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு ஒன்றியமே தொழில் பழக்கி, சம்பளத்தோடு ஓரிடத்தில் சேர்த்துவிடும். கடல் கடந்து வாழும் அன்பர்கள் அதற்குக் காசு அனுப்பியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: விண்ணப்பிப்பவர் வேலையில்லாதவராக இருக்கவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றுவது எத்தனை கடினம் என்பது கதிர்காமநாதனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அங்கே மொராயஸ் தோட்டம் என்று ஓரிடம். தோட்டம் என்றதும் மரம், செடி, கொடி என்று யாரும் கற்பனை செய்யவேண்டாம். கொழும்பில் தோட்டம் என்பது மனிதர்களை நெருக்கி நட்டு, நடுவில் ஒரு பைப்பை வைத்த இடம். அந்தத் தோட்டத்தில் ஓர் அறையும் ஒரு குசினியுமாக இருந்த வீட்டில் வின்சன்ற் குடியிருந்தான். துறைமுகத்துக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் நாட்கூலியாக இருந்தவன். நகரத்தில் குண்டு வெடித்துக் கெடுபிடி கூடியபோது, "ஒங்கட பேரால எனக்குக் கரைச்சல் தம்பி" என்று கொந்தராத்துக்காரர் அவனை நிறுத்திவிட்டார். அதன்பிறகு அவ்வப்போது லொறி இறக்குவதும், அவ்வப்போது ஒன்றும் இறக்காமல் இருப்பதுமாக அவன் காலம் ஓடியது.

வீட்டில் ஒழுங்காகச் சம்பளம் எடுத்தவள் அவன் மனைவி பிறிஜெற். வத்தளையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை. அவளுக்கு இப்போது ஏழு மாதம். கால் வீங்குகிறது, இந்த மாதத்தோடு வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் நிறுத்துவதற்குள் வின்சன்றுக்கு ஒரு வேலை கிடைக்கவேண்டும். வீட்டில் பேச்சு, சண்டை, ஜெபம் எல்லாமே இந்த ஒன்றைப் பற்றித்தான்.

வெளியே மட்டும் வின்சன்றுக்கு வேலை இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அந்த நாட்களில் சந்திக்குச் சந்தி இராணுவச் சோதனைச் சாவடி. கேள்விகள் எப்போதும் பெயர், ஊர், வேலை. முதலிரண்டையும் ஒன்றும் செய்யமுடியாது, அடையாள அட்டையில் அடித்திருக்கும். மூன்றாவதில்தான் மனிதன் கொஞ்சம் இலக்கியம் படைக்கலாம். வேலையில்லாத தமிழ் இளைஞன் என்றால், அப்படியானால் பகல் முழுவதும் என்ன செய்கிறான் என்ற நியாயமான சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டுபோய்த்தான் தீர்த்துக்கொள்வார்கள். ஆகவே "வேலையில்லை" என்ற வார்த்தை தோட்டத்துப் பேச்சிலிருந்தே மெல்ல மறைந்துவிட்டது.

தோட்டத்துக்கு எதிரே ஆணி, கம்பி, பெயின்ற் விற்ற அலவி ஒருமுறை சுற்றிவளைப்பின்போது ஒரு பையனுக்காக வாயைத் திறந்தார். "அபே கடே கொல்லெக்" என்றார். எங்கள் கடைப் பையன். பையனை இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மொராயஸ் தோட்டத்தில் ஆணாகப் பிறந்தவன் எல்லாம் அலவியின் கடையில் ஸ்டோர் கீப்பர். யார் வந்து கேட்டாலும் அலவி ஓம் என்பார். பிரதியுபகாரமாக ஒன்றும் கேட்கவில்லை; தன்னை 'முதலாளி' என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தார். அதற்குமுன் அவரை ஆணிக்கடை அலவி என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவரை உள்ளூரக் குத்திக்கொண்டிருந்தது. மெய்யாகவே அந்தக் கடையில் சம்பளத்துக்கு இருந்தவர் கணக்கப்பிள்ளை ஸவாஹிர் நானா ஒருவர்தான். அவரும் பெரும்பாலும் இருந்தார், அவ்வளவே.

இந்த நிலையில்தான் கதிர்காமநாதன் படிவங்களோடு தோட்டத்துக்குள் நுழைந்தார். சபாரிச் சூட்டைக் கண்டதும் பைப்படி வெறிச்சோடியது. முதல் வீட்டில் மெற்றில்டா அக்கா. தோட்டத்தில் எவருக்கும் பயப்படாதவர் என்று பெயரெடுத்தவர்.

"எங்கட வீட்டில எல்லாரும் வேலை சேர். வெளியாள் ஒருத்தரும் இல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தரும் வரல்ல. வேணுமெண்டா கட்டிலுக்குக் கீழ பாருங்க."

"அம்மா, நான் கட்டிலுக்குக் கீழ பாக்க வரேல்லை."

"அப்ப அலுமாரியத் திறக்கவா?"

"இல்லையம்மா. வேலையில்லாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டுதான்..."

"சீச்சீ!" என்று மெற்றில்டா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "அப்படிப்பட்ட ஆக்கள் இந்தத் தோட்டத்தில இல்ல சேர். நாங்க மரியாதையான சனம்."

வின்சன்ற் வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தொழில் பாக்கிறீர்?"

"ஸ்டோர் கீப்பர் சேர். அலவி ஹார்ட்வெயார்."

"நிரந்தரமோ?"

"நிரந்தரம் சேர். விடியப் போனா இருட்டித்தான் வருவன்."

அப்போது நல்ல வெயில். கதிர்காமநாதன் வெயிலைப் பார்க்கவில்லை, வெங்காயத்தையும் பார்க்கவில்லை. புள்ளிவிபரக்காரர்கள் படிவத்தைத்தான் பார்ப்பார்கள். மத்தியானத்துக்குள், கொழும்புத் துறைமுகம் முழுவதையும் காவல்செய்யப் போதுமான ஸ்டோர் கீப்பர்களை அவர் அந்த ஒரு தோட்டத்திலேயே கண்டுபிடித்திருந்தார்.

பின்னேரம் பிறிஜெற் வேலை விட்டு வரும் வழியில் கோயில் அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டு, வீங்கிய காலோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"வெள்ளவத்தை ஆக்கள் வந்தாங்களா? வேலை குடுக்கிறாங்களாம். நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லுவன்? ஸ்டோர் கீப்பர் எண்டன்."

பிறிஜெற் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அது பொலிஸ் இல்ல. வேலையில்லாத ஆக்களுக்கு வேலை குடுக்க வந்தவங்க."

"எனக்கு எப்படியப்பா தெரியும்? பேனா பிடிச்ச கையெல்லாம் எனக்கு ஒரே கைதான்."

"நாளைக்கே போங்க. போய் வேலையில்லை எண்டு சொல்லுங்க."

"அது வாயில வராது பிறிஜெற்."

"எனக்கு நிக்க ஏலாமப் போயிட்டு. வரப் பண்ணுங்க."

மறுநாள் வின்சன்ற் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினான். வழியில் சாவடியில் இறக்கி விசாரித்தபோது ஸ்டோர் கீப்பர் என்றான். மறுபடி ஏறி உட்கார்ந்து, 'வேலையில்லை சேர், வேலையில்லை சேர்' என்று காலி வீதி என்ற அந்தப் பெருந்தெரு நெடுகிலும் மனதுக்குள் பாடமாக்கினான். பக்கத்து ஆசனத்து மனிதர் அவன் ஜெபிக்கிறான் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி இருந்தார்.

ஒன்றிய அலுவலகத்தில் அவன் பாடத்தை ஒப்புவித்தான். கதிர்காமநாதன் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நேற்று இருந்த வேலை இண்டைக்கு எங்க போனது?"

"நேத்தும் இல்ல சேர்."

"ஐசே, அப்ப நீர் பொய் சொன்னனீரோ?"

"ஓம் சேர். நேத்து."

"நேற்றுச் சொன்னது பொய்யெண்டால், இண்டைக்குச் சொல்லுறது உண்மை எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

வின்சன்ற் யோசித்தான். அவனிடம் வேலையில்லாததற்கு அத்தாட்சியாகக் காட்ட அவன் மட்டும்தான் இருந்தான். கதிர்காமநாதனுக்கு அது போதவில்லை. அவருக்கு உண்மையில் கோபம். வேலையில்லாமலிருப்பதற்காக அல்ல, கூட்டித் தொகுத்த கணக்கைக் குழப்ப வந்ததற்காக. "உம்மட முதலாளியிட்டயே கேப்பம், நடவும்" என்று ஓட்டோ பிடித்தார்.

கடை வாசலில் ஓட்டோ நின்றது. சபாரிச் சூட் போட்ட ஒருவர் இறங்குகிறார். பின்னால் வின்சன்ற், பேயறைந்த முகத்தோடு. அலவிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பையனைப் பிடித்துவிட்டார்கள், விசாரிக்கக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"வாங்க சேர், வாங்க! ஸவாஹிர் நானா, சேருக்கு ஒரு சோடா ஒடைங்க!"

"இந்த வின்சன்ற் உங்கட கடையிலயோ வேலை?"

"வின்சன்றா? நம்ம வலது கை சேர் இவன்! இவன் இல்லாட்டி நான் கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"முதலாளி," என்றான் வின்சன்ற், "உண்மையச் சொல்லுங்க. நான் இங்க வேலை செய்யல்ல."

அலவி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். எங்காவது அடித்த தழும்பு தெரிகிறதா என்று தேடினார்.

"பாத்தீங்களா சேர், என்ன பணிவு! பெருமையே இல்லாத புள்ள."

"மாதாவாணை முதலாளி! நான் வேலையில்லாத ஆள்!"

"சும்மா ஈரு. பயப்படாத. நான் ஈக்கிறேன்தானே." பிறகு கதிர்காமநாதனிடம் குரலைத் தாழ்த்தினார். "நேத்துக் கொஞ்சம் ஏசிட்டேன் சேர். அந்தக் கோவத்துல பேசறான். ஸவாஹிர் நானா, சொல்லுங்களே!"

"காலையிலேயே வந்திட்டான் சேர்," என்றார் ஸவாஹிர் நானா, சோடாவைத் துடைத்தபடி. "நான் வாறதுக்கு முந்தியே வந்து நிப்பான்."

"சம்பளம் எல்லாம் எப்படி?"

"அத மட்டும் இவன் கேட்டதே இல்ல சேர்," என்றார் அலவி.

அன்று அந்தக் கடைக்குள் முதலாளி வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். கதிர்காமநாதன் அதைக் கேட்டுக் கண்கலங்கினார். கடையின் அகலம், இரண்டு பேர் தோளோடு தோள் நின்றால் மூன்றாமவர் வீதியில் நிற்கவேண்டிய அளவு. இத்தனை ஸ்டோர் கீப்பர்களும் எங்கே என்று ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் ஸ்டோர்ல" என்றார் அலவி. எந்த ஸ்டோர் என்று கேட்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வின்சன்ற் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். பிறிஜெற் ஏசவில்லை. அவள் ஏசியிருந்தால் அவனுக்கு அன்றிரவு சோறு இறங்கியிருக்கும். அவள் அடுத்த நாள் வேலைக்குப் போடும் சட்டையை எடுத்து, வயிற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் தையலைப் பிரித்து விட்டாள்.

ஒன்றியம் சும்மா இருக்கவில்லை. யுத்த காலத்தில், ஒரு சிறு வியாபாரி, ஒரு தோட்டத்துக்கே தொழில் கொடுத்திருக்கிறார்! இப்படியொருவரைக் கௌரவிக்காமல் விட்டால் ஒன்றியம் என்று ஒன்று எதற்கு? அலவிக்குத் 'தொழில் ஈந்த தோன்றல்' என்று பட்டம் கொடுப்பதாக முடிவாயிற்று. அலவி வேண்டாம் என்று மூன்று தரம் மறுத்தார். மூன்றாம் தரம் மறுக்கும்போது சால்வை என்ன நிறம் என்று விசாரித்துக்கொண்டார்.

அதே மேல்மாடி மண்டபம், அதே குத்துவிளக்கு. மொராயஸ் தோட்டமே பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் இருந்தது. முதலாளியைத் தனியே விடக்கூடாது என்பது ஒரு காரணம், சாப்பாட்டுப் பார்சல் மறுகாரணம். வின்சன்றும் பிறிஜெற்றும் கூட வந்தார்கள். வாழ்த்துரைகள் நீண்டன. ஒருவர் அலவியைக் கடலுக்கு ஒப்பிட்டார், அடுத்தவர் ஆலமரத்துக்கு. ஆணியைப் பற்றி எவரும் மூச்சுவிடவில்லை. பொன்னாடை போர்த்தப்பட்டபோது தோட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் மட்டும் மெய்யானது. அவர் ஓம் என்ற ஒரு சொல்லால் எத்தனை பேரை ட்ரக்கிலிருந்து இறக்கினார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிரமுகர்களுக்கு அது தெரியாது, அவர்கள் வேறெதற்கோ தட்டினார்கள்.

முன்வரிசையில் சிவபாதசுந்தரம் என்றொரு கட்டடக்காரர் இருந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மாடிவீடுகள் கட்டிக்கொண்டிருந்தவர். கட்ட ஆசை இருந்தது, வாங்க ஆள் இருந்தது, சாமானை இறக்கி மேலே ஏற்ற மட்டும் ஆட்கள் நிலைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அலவியைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு பேரைக் கையில வச்சிருக்கிறீங்கள். எனக்குச் சீமெந்து, கம்பி, ஓடு எல்லாத்தையும் நீங்களே எடுத்துத் தந்து, உங்கட ஆக்களைக் கொண்டே மாடிக்கு ஏத்தியும் தர ஏலுமோ? கட்டி முடியுமட்டும் உங்களுக்குத்தான் வேலை."

இல்லை என்று சொல்ல அலவி வாயைத் திறந்தார். ஆனால் தோளில் பொன்னாடை கிடந்தது. பொன்னாடை போர்த்தியிருக்கும்போது 'என்னால் முடியாது' என்று சொன்ன மனிதன் தமிழ்கூறும் நல்லுலகில் இன்னும் பிறக்கவில்லை.

"அதுக்கென்ன," என்றார் அலவி.

மறுநாள் காலை அவர் பொன்னாடை இல்லாமல், வியர்வையோடு, மொராயஸ் தோட்டத்துப் பைப்படியில் வந்து நின்றார்.

"நாளைக்கி எல்லாரும் வேலைக்கி வரோணும்!"

தோட்டம் அவரை வினோதமாகப் பார்த்தது.

"எந்த வேலைக்கு முதலாளி?" என்றார் மெற்றில்டா அக்கா.

"நம்ம வேலைக்கித்தான்!"

"அதுதான் எல்லாரும் செய்றாங்களே."

"அது இல்லம்மா! மெய்யான வேலை. சாமான் தூக்கிற வேலை. கெழமைக்கிக் கெழமை சம்பளம்."

மெற்றில்டா அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "முதலாளி, ஒங்களுக்குப் பின்னால ஆரும் நிக்கிறாங்களா? நிண்டா ரெண்டு தரம் இருமுங்க."

அலவி தலையில் அடித்துக்கொண்டார். அது மெய்தான் என்று தெரிந்தபோது இன்னொரு சிக்கல் முளைத்தது. பல வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டுத் திடீரென்று மூட்டை தூக்குவதா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பதவியிறக்கம் என்றார் ஒருவர். அனுபவத்துக்கு மதிப்பில்லை என்றார் மற்றவர். ஹியூபேட் என்பவர், தன்னை மேற்பார்வையாளராக்கினால் யோசிக்கலாம் என்றார். இவர் ஒருநாளும் அந்தக் கடைப் படியில்கூடக் கால் வைத்ததில்லை.

வின்சன்ற் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். துடைக்காமலே வந்து நின்றான்.

"நான் வாறன் முதலாளி. நாளைக்கு எதுக்கு? இப்பவே வாறன்."

அவன் பின்னால் கொஞ்சப் பேர் வந்தார்கள். மேற்பார்வைக்கு மட்டும் ஏராளமான விண்ணப்பங்கள் இருந்தன.

அந்த வாரம் முழுவதும் வின்சன்ற் சீமெந்து மூட்டை சுமந்தான். கட்டடத்துக்கு மாடி இருந்தது, லிப்ற் வர இன்னும் காலம் இருந்தது. முதல்நாள் வேலை முடிந்து வரும்போது சாவடியில் ஒரு சின்ன வயதுச் சிப்பாய் வழக்கம்போல மறித்தான்.

"கொஹேத வெட?"

எங்கே வேலை. எத்தனையோ தரம் பதில் சொன்ன கேள்வி. ஒருநாளும் நாக்குத் தடுமாறியதில்லை. இன்று உண்மையைச் சொல்லப்போனதும் அவனுக்குத் திக்கியது. "அலவி... கடே... அலவி..." சிப்பாய் சந்தேகத்தோடு அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் தலைமயிரைப் பார்த்தான், இமையைப் பார்த்தான், கையைப் பிடித்து விரித்துப் பார்த்தான். எல்லா இடத்திலும் சீமெந்து.

"யன்ன மல்லி," என்றான். போ தம்பி.

ஒன்றியத்தின் அறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. கொட்டாஞ்சேனையில் வேலையில்லாதவர் எவருமிலர் என்று அது விஞ்ஞானபூர்வமாக நிறுவியது. ஆகவே தொழில் பழக்குவதற்கென்று வந்த நிதி, கொட்டாஞ்சேனையில் ஏன் வறுமை இல்லை என்பதை ஆராயும் இரண்டாம் கட்ட ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கும் தலைவர் கதிர்காமநாதனே.

பிறிஜெற் டாக்டரம்மா சொன்ன நாளில் வேலையை நிறுத்தினாள். சனிக்கிழமை வின்சன்ற் சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தபோது, அவள் அதைப் பார்க்காமல் அவன் தோளைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தோல் உரிந்து கிடந்தது. தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டாள்.

"நோகுதா?"

"நோகுதுதான். ஆனா பிறிஜெற், உழைப்பெண்டா உழைப்புத்தான். இனி ஒருநாளும் வீட்டில இருக்கமாட்டன். மனுசனுக்கு வேலைதான் மரியாதை. புள்ளை வந்து கேட்டா நெஞ்ச நிமித்திச் சொல்லலாம்." இப்படி அவன் வெகுநேரம் பேசினான். முன்வரிசைப் பிரமுகர்கள் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். பிறிஜெற் கட்டிலில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வின்சன்ற் லீவு கேட்டான்.